நோலாவுக்கு வந்த வரன்

1

இது ஒரு வீட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்த கதையாக வந்திருக்க வேண்டும். பல வருடமாக அதைத்தான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் இங்கே மின் நிலையத்தின் புகைபோக்கிகளை வெடி வைத்துச் சாய்த்தார்கள். ஊரே மேட்டில் திரண்டு வேடிக்கை பார்த்தது. என் மாமியார் நோலாவும் மடக்கு நாற்காலி போட்டு, முழங்கால்மேல் கம்பளி விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் கீத். புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டி மடங்கி விழுந்தன. அந்தத் தூசி அடங்குவதற்குள் கீத் இவள் பக்கம் திரும்பி, "என்னைக் கட்டிக்கிறியா, நோலா?" என்று கேட்டுவிட்டார்.

"என்னது? சத்தத்துல கேக்கல."

கீத்தின் காது இரண்டும் சிவந்துபோயின. "டீ ஊத்தட்டுமான்னு கேட்டேன்," என்றார்.

நோலாவுக்கு எண்பத்தொன்பது வயது. அவருக்கு இன்னும் இரண்டு கூட. இதே கேள்வியை இவளிடம் அவர் வாலிபத்தில் ஒரு முறை கேட்டு, மாட்டேன் என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனவர்.

திரும்பி வரும்போது காரில் நோலா சொன்னாள்: "எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. இன்னொரு தடவ சொல்லட்டுமேன்னு பாத்தேன். மனுஷன் டீயில கொண்டுபோய் முடிச்சுட்டான்."

"என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியல. நீ கதை எழுதுறவதானே கண்ணு? எழுதிப் பாரேன். எல்லாத்தையும் வரிசையா எழுதினா என்ன பதில் வருதுன்னு தெரிஞ்சுடுமில்ல?"

கதைக்கு அப்படியெல்லாம் சக்தி கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எழுதுகிறவர்களை நம்பி யாரும் இப்படியொரு வேலையைக் கொடுப்பதில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கிப்ஸ்லாந்துப் பள்ளத்தாக்கில் அன்று பனி, வெள்ளைப் பட்டுபோல—"

(விட்டுவிட்டேன். விடியுமுன் பால் கறக்கப் போகிறவளுக்குப் பனி பட்டுபோலத் தெரியாது. காலில் குத்தும்.)

இரண்டாவது: "நோலா டல்லக் அவர்கள் பிறந்தது—"

இங்கே ஒரு சிக்கல். நான் மதுரையிலிருந்து கடல் தாண்டி இந்த ஊர் ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்கு வந்து, நோலாவின் கடைசி மகன் ஆண்ட்ரிஸைக் கட்டிக்கொண்டு முப்பது வருடமாக இங்கேயே இருப்பவள். அவளை நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், இங்கே அப்படித்தான். ஆனால் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாக 'அவர்' என்று போடுகிறது. கதையில் வரும் இருபது வயதுப் பெண்ணை 'அவர்' என்றால் சிரிப்பு வருகிறது. எந்தப் பக்கத்தில் அவளை அவராக்குவது? சமையலறை மேஜையில் அவளிடமே இதை விளக்கிச் சொன்னேன்.

"கெழவின்னு மரியாத குடுக்காத," என்றாள். "படிக்கிறவங்க நான் கடைசிப் பக்கத்துல செத்துடுவேன்னு நெனச்சுடுவாங்க."

ஆகவே கடைசிவரை 'அவள்'தான். கடைசியில் சாகவும் மாட்டாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது தொடக்கத்தை அவளே சொன்னாள்: "எங்கம்மா அப்பாவுல இருந்து ஆரம்பி. அவங்களப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டதெல்லாம்."

3

ஹெக்டர் (நில அளவு அல்ல, ஆள், நோலாவின் அப்பா) பேசமாட்டார். சாப்பாட்டு மேஜையில் பேசமாட்டார், சந்தையில் பேசமாட்டார், கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கே தலையை மட்டும் ஆட்டிவிட்டு நின்றாராம். ஆனால் மாட்டின் விலாவில் நெற்றியை முட்டிக்கொண்டு கறக்க உட்கார்ந்துவிட்டால் எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். மனைவி மேபல் அவருக்கு முதுகு காட்டி அடுத்த மாட்டுக்கடியில் உட்கார்ந்திருப்பாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வாளியில் பால் பீய்ச்சுகிற சத்தம் மட்டும் இருக்கும். எந்த நிலத்தில் உருளைக்கிழங்கு போடுவது, பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்ன பெயர், நேற்று எதற்காகக் கோபப்பட்டேன் என்று எல்லாம் அங்கேதான். இவர்கள் குடும்பம் நடத்தியது வீட்டிலல்ல, தொழுவத்தில் என்று சொல்லலாம்.

பிறகு பள்ளத்தாக்கில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டினார்கள். அதை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். கம்பி ஒவ்வொரு பண்ணையாக வந்தது. கம்பி வந்த வீட்டுக்குக் கறவை இயந்திரமும் வந்தது. ஹெக்டர் பண்ணைக்கு அது வந்தபோது நோலா பள்ளிக்கூடம் போகிற சிறுமி. மாடுகள் வரிசையாக நிற்க, இயந்திரம் காதடைக்கிற இரைச்சலில் கறந்து தள்ளியது. மேபலின் மணிக்கட்டு வலி போயிற்று. கூடவே பேச்சும் போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மா தட்டுகளை 'டொங்'கென்று வைத்தது நோலாவுக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

குளிர் முடிந்த ஒரு நாள் மேபல், பிரிம்ரோஸ் என்கிற சாதுவான மாட்டை வரிசையிலிருந்து பிரித்துத் தனியே கட்டினாள்.

"இவ மெஷினுக்கு ஒத்துவர மாட்டேங்கறா. உதைக்கிறா. கையாலதான் கறக்கணும்."

பிரிம்ரோஸ் தன் ஆயுளில் ஒரு கொசுவைக்கூட உதைத்ததில்லை. அன்று மாலை இயந்திரத்தை நிறுத்தியபிறகு மேபல் மாட்டின் ஒரு பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஹெக்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு இன்னொரு முக்காலியை எடுத்துவந்து மறுபக்கம் போட்டார். ஆளுக்கு இரண்டு காம்பு.

(ஒரு மாட்டை இரண்டு பேர் கறப்பதா? வாசகர்களில் மாடு வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நோலா சத்தியம் செய்கிறாள். மாடும் ஒன்றும் சொல்லவில்லையாம்.)

"அது பொய்னு உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மாட்டப் பத்தி எங்கப்பாகிட்டயே பொய் சொல்ல முடியுமா கண்ணு?"

4

இருபது வயதில் நோலா திங்கட்கிழமைகளில் துணி துவைப்பாள். அந்தத் திங்கட்கிழமை காற்று மின் நிலையத்துப் பக்கமிருந்து அடித்தது. கொடியில் காயப்போட்ட படுக்கை விரிப்புகளில் சாம்பல் வந்து படிந்தது. மறுபடி துவைத்தாள். மறுபடி படிந்தது. மூன்றாம் தடவை அவள் துவைக்கவில்லை. அழுக்கான விரிப்பைச் சுருட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு நேரே மின் நிலையத்து வாசலுக்குப் போனாள்.

சங்கு ஊதி ஷிப்ட் மாறுகிற நேரம். கேட்டருகே உயரமாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் கரி. அவன்தான் புகார் வாங்குகிற ஆள் என்று நோலா நினைத்துவிட்டாள்.

"பாருங்க! நல்லாப் பாருங்க! உங்க புண்ணியத்துல எங்க வீட்டு வெள்ளைத் துணி என்ன லட்சணத்துல இருக்கு பாருங்க!"

அவன் பார்த்தான். அவள் சொன்னதில் பாதிகூடப் புரியவில்லை. வால்டிஸ் லாட்வியாவிலிருந்து வந்தவன். போரில் ஊர் போய், அகதி முகாம்களில் இருந்து, கப்பலேறி, மின் நிலையத்தை ஒட்டி நிலக்கரித் தூளைக் கட்டியாக அழுத்தும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விரிப்பை அவள் கையிலிருந்து வாங்கி, நிதானமாக மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டான்.

"ஞாயிறு," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் பண்ணைவரை நடந்தே வந்தான். முகம் கழுவியிருந்ததால் நோலாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கையில் விரிப்பு. பாய்லர் வெந்நீரில் துவைத்து, எங்கேயோ இஸ்திரிப் பெட்டி கடன் வாங்கித் தேய்த்து, கத்திமுனைபோல மடித்திருந்தான். மேபல் அதைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"எவன்டி இதைத் துவைச்சது?"

"நான், அம்மா," என்றான் அவன். பிறகு தனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கியெடுத்து, "அழுக்கு எங்களுது. நான் துவைக்கணும். சரிதானே?" என்றான்.

மேபல் உள்ளே போய் ஸ்கோன் பன்னும் ஜாமும் கொண்டுவந்து வைத்தாள். டீ ஊற்றும்போது மகளின் காதருகே குனிந்து, "உங்கப்பா வர்றதுக்குள்ள இவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளு," என்றாள்.

5

முதல் பிரதியில் கீத்தை வில்லனாக்கியிருந்தேன். கதைக்கு வசதி. அடுத்த பண்ணைக்காரன் மகன், சொந்த நிலம், ஹெக்டருக்குப் பிடித்த மாப்பிள்ளை. ஒரு மீசை மட்டும் வைத்துவிட்டால் போதும். வாசித்துக் காட்டியபோது நோலாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"அவன் என்ன பாவம் பண்ணான்? நல்ல பையன். ஹால்ல டான்ஸ் ஆடும்போதெல்லாம் வேலிக்கம்பப் பத்தியே பேசுவான், அவ்ளோதான். எந்த மரம் மக்காது, எத்தன அடி ஆழத்துல நடணும்னு. கட்டிக்கிறியான்னு கேட்டதும் அந்த மாதிரிதான். 'நடுவுல இருக்கிற வேலியப் பிடுங்கிட்டா ஒரே பண்ணை ஆயிடும் நோலா'ன்னான். எனக்கு வேலிமேலயே வெறுப்பு வந்துடுச்சு."

ஆகவே கீத் நல்லவராகவே இருக்கட்டும். தடையாக நின்றது ஹெக்டர்.

"அவன் தோண்டுற கரி நம்ம மாட்டுக் காலடியிலதான் கெடக்கு," என்றார். மாட்டுக்கடியில் அல்ல, சாப்பாட்டு மேஜையிலேயே சொன்னார், அவ்வளவு கோபம். "இன்னிக்கு பொண்ணக் கேப்பான். நாளைக்கு நெலத்தக் கேப்பான்."

அன்று மாலை நோலா கன்றுக்குட்டிக்குப் பால் கொண்டுபோகிற வாளியோடு தொழுவத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே பிரிம்ரோஸுக்குப் பின் வந்த ஒரு மாடு. அதன் இருபக்கமும் அப்பாவும் அம்மாவும்.

"அவனுக்கு மண்ணு இல்ல, மாடு இல்ல. பேச்சுகூட இல்ல," என்றார் ஹெக்டர்.

"உங்களுக்கு இருந்துச்சாக்கும் பேச்சு?"

கொஞ்ச நேரம் பால் சத்தம்.

"எனக்கு மாடு இருந்துச்சு."

"மாட்டையா நான் கட்டிக்கிட்டேன்?"

மறுபடி பால் சத்தம்.

"இவ அழுக்குத் துணியத் தூக்கிட்டுச் சண்டைக்குப் போனா. அவன் வெளுத்துக் கொண்டாந்து குடுத்தான். நீங்க இத்தன வருஷத்துல எனக்கு ஒரு கைக்குட்டை அலசியிருக்கீங்களா?"

இந்தத் தடவை பால் சத்தமே நின்றுபோயிற்று. நோலா மூச்சை அடக்கிக்கொண்டாள். வாளி கனத்தது.

"அவன் பேரு என் வாயில நுழையாது மேபல்."

"நுழையறதக் கூப்பிடுங்க."

"பவர்ஹவுஸ்னு கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. வருவான்."

வசந்தத்தில் கல்யாணம் நடந்து, வால்டிஸ் பண்ணை வீட்டுக்கே குடிவந்தான். கீத் வந்து எல்லாரோடும் ஆடினார். அடுத்த வருடம் ஜோன் என்கிற பெண்ணைக் கட்டி, அவளோடு நன்றாகவே வாழ்ந்தார்.

6

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் பேசியது ஆங்கிலம். அதில் நீயும் நீங்களும் ஒன்று. மேபல் ஹெக்டரை 'நீங்க' என்று அழைப்பதாக நான் யாரையும் கேட்காமலேயே எழுதிவிட்டேன். நோலா வால்டிஸை முதலில் 'நீங்க' என்றாள், சரி. எந்த நாளில் அது 'நீ' ஆயிற்று? கல்யாணத்தன்றா? சினிமாவில் அப்படித்தான்.

நோலா வெகுநேரம் யோசித்தாள். இந்தக் கதைக்காக நான் கேட்டவற்றிலேயே அவளுக்குப் பிடித்த கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

"கல்யாணத்தன்னிக்கு இல்ல. அப்ப அவரு எனக்கு விருந்தாளி மாதிரிதான். நாங்க பாத்துக்கிட்டதே கொஞ்சம். சங்கு ஊதினா அவரு போவாரு, நான் வருவேன். நான் மாட்டுக்குப் போவேன், அவரு தூங்க வருவாரு. பவர்ஹவுஸ் கேட் பக்கத்துல சாப்பாட்டு டப்பாவக் கை மாத்திக்குவோம். அதுதான் எங்க குடும்பம்." சிரித்தாள். "பகல் ஷிப்ட் வர்ற வாரம்தான் ஒண்ணா இருப்போம். உன் புருஷன் பகல் ஷிப்ட் புள்ள."

"சரி, எப்ப நீ ஆச்சு?"

"மூத்தவ வயித்துல இருந்தப்போ. ஒருநாள் காலையில அவரு ராத்திரி வேலை முடிஞ்சு தள்ளாடிக்கிட்டு வர்றாரு. எனக்கு ஒரே வாந்தி. பால் வாளிய அவரு கையில திணிச்சு, 'இன்னிக்கு நீ போ, என்னால முடியாது'ன்னேன். கரி மூஞ்சியோட அப்படியே திரும்பிப் போனாரு."

அவ்வளவுதான். அந்த வாளிக்குப் பிறகு 'நீ'.

7

இப்போது வீடு.

ஹெக்டர் சொன்னது நடக்க இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. சுரங்கத்தின் விளிம்பு ஒவ்வொரு மேய்ச்சல் நிலமாக நகர்ந்து கொல்லை வேலிவரை வந்தது. சுரங்கக்காரர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு, வீட்டை வேண்டுமானால் கொண்டுபோகலாம் என்றார்கள். மரவீடு, கொண்டுபோகலாம்தான். ட்ரரல்கன் என்கிற ஊரின் ஓரத்தில் வால்டிஸ் இடம் பார்த்தான். ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்கள் ரம்பத்தோடும் இரண்டு லாரிகளோடும் வந்து நடைவழியோடு வீட்டை அறுத்தார்கள். ஒரு பாதியில் சமையலறை, மறு பாதியில் படுக்கையறைகள். மேபலின் ரோஜாப்பூச் சுவர்த்தாள் சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்தது. அவள் வெட்கம் தாங்காமல், கையில் கிடைத்த மேஜைவிரிப்பை எடுத்துப் படுக்கையறை வாசலில் கட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: "தார்ப்பாயைப் பிடித்துக் கட்டும்போது, ஹெக்டர் தன் வாழ்நாளில் முதன்முறையாக மருமகனைப் பெயர் சொல்லி அழைத்தார். 'வால்டிஸ், அந்த முனையைப் பிடி.'" எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நோலா இருமல் வரும்வரை சிரித்தாள். "எங்கப்பாவா? சாகுற வரைக்கும் பவர்ஹவுஸ்தான். அடிச்சுப்போடு அத."

அடித்துவிட்டேன். நடந்தது வேறு.

ஹெக்டர் சமையலறைப் பாதியில் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்துவிட்டார். எண்பது வயதுக்காரரைத் தூக்கி இறக்கவா முடியும்? லாரிக்காரர் கெஞ்சினார், கத்தினார். நோலா ஏறிப்போய்ப் பேசினாள்.

"அப்பா, எறங்குங்கப்பா. அங்கயும் இதே அடுப்புதான், இதே ஜன்னல்தான்."

அவர் அறுத்த பக்கத்தின் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வால்டிஸ் ஏணியில் ஏறி உள்ளே போனான். மாமனாரும் மருமகனும் அதுவரை சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசியவர்களல்ல. அவன் அவரெதிரே உட்காரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, திருப்பி, அவர் முதுகுக்குத் தன் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

கீழே நின்ற மேபல் அதைப் பார்த்ததும் மகளிடம், "நீயா சொன்ன அவன்கிட்ட?" என்றாள்.

"எப்பவோ சொன்னேம்மா. கல்யாணமான புதுசுல."

பிறகு ஹெக்டரின் உதடு அசைவது தெரிந்தது.

[இங்கே ஹெக்டர் பேசுகிறார்.]

இந்த இடத்தை நிரப்ப நான் எவ்வளவோ முயன்றேன். மண்ணைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன், கிழித்தேன். மகளைப் பற்றி எழுதினேன், அதுவும் என் பேச்சாகத்தான் இருந்தது. வால்டிஸ் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நோலா எத்தனையோ தரம் நச்சரித்தும், "வானிலை பத்திப் பேசினாரு," என்று சிரித்துவிட்டான். ஆகவே அந்த அடைப்புக்குறி அப்படியே இருக்கட்டும். அது அவர்கள் இருவருடையது.

நிழல் ஏணியைத் தாண்டியபோது ஹெக்டர் எழுந்து, மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். லாரிக்காரரிடம் போய், "பவர்ஹவுஸ் சொல்றபடி கேளு. பாத்து ஓட்டு," என்றார். இரண்டு பாதி வீடும் ஆடி ஆடிச் சாலையேறின. பின்னால் காரில் பெரியவர்கள் நால்வரும். ஒரு தட்டுகூட உடையவில்லை என்று மேபல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

8

வால்டிஸ் போய்ப் பதினோரு வருடமாகிறது. தூக்கத்தில் போனான், நல்ல சாவு. நோலா அழுதாள். பிறகு தோட்டம் போட்டாள், வியாழக்கிழமைகளில் கிளப்பில் பந்து உருட்டும் ஆட்டம் பழகினாள். ஜோன் இறந்தபின் கீத்தும் அங்கே வர ஆரம்பித்தார். அவள் சோகத்தில் வாடுகிற விதவை என்று நான் எங்காவது எழுதிவிட்டால் உதை விழும். கட்டில் முழுக்கத் தனக்கே கிடைத்திருப்பதில் அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

எழுதியது அத்தனையையும் போன சனிக்கிழமை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"பதில் வந்துச்சா?"

"வரல."

"எனக்கும் வரல. முடிவு எதுவும் எழுதலயா?"

மூன்று எழுதியிருந்தேன். முதலாவதில் சம்மதம். இரண்டாவதில், இப்படியே வியாழக்கிழமை நண்பர்களாக இருப்போம் என்கிறாள். மூன்றாவதில் கல்யாணமில்லாமல் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

"மூணாவத எடுத்துடு. அதெல்லாம் உன் புள்ளைங்க பண்றது. வந்தா மோதிரத்தோட வரணும்."

எடுத்துவிட்டேன்.

"எங்க ஊர்ல வரன் வந்தா நாலு பேர்கிட்ட விசாரிப்போம்," என்றேன்.

"நல்ல பழக்கம். அப்ப இதப் படிக்கிறவங்ககிட்ட விசாரி. எல்லாத்தையும் சொல்லிடு. கொறட்ட விடுவான், ஜோனே சொல்லியிருக்கா. இன்னும் கார் ஓட்டுறான், மோசமா. காது எனக்கு மேல மந்தம். ஆனா நான் பேசினா கடைசி வரைக்கும் கேப்பான். இப்பல்லாம் வேலியப் பத்திப் பேசறதில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "நேத்துப் பேசினான். நாந்தான் ஆரம்பிச்சு வெச்சேன்."

அவள் கன்னம் சிவந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிறு, கீத் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். டை கட்டியிருந்தார். வாசலில் மிதியடியில் வெகுநேரம் காலைத் துடைத்தார். நோலா என்னைப் பார்த்து, "நீ போய் அடுப்புல உருளைக்கிழங்கப் பாரு கண்ணு. ஆண்ட்ரிஸையும் கூட்டிக்கிட்டுப் போ," என்றாள். கதாசிரியைக்கு இதைவிட மரியாதையாக யாரும் கதவைச் சாத்த முடியாது. சமையலறையிலிருந்து கீத்தின் குரல் மெதுவாகக் கேட்டது. பிறகு நோலாவின் குரல். பிறகு அவள் சிரிப்பு, அதன்மேல் அவர் சிரிப்பு. சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை. ஆண்ட்ரிஸ் கதவில் காதை வைக்கப் போனான்; சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

பதிலை நோலா அன்று சாயங்காலமே, பாத்திரம் துடைத்துக்கொண்டே எனக்குச் சொல்லிவிட்டாள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். மொதல்ல அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லு. நாலு பேர விசாரிக்கணும்னு நீதானே சொன்ன?"

ஆகவே கேட்கிறேன். பெண்ணுக்கு எண்பத்தொன்பது, பையனுக்குத் தொண்ணூற்றொன்று; இரு வீட்டிலும் ஆட்சேபம் இல்லை. உங்களுக்கு வேண்டுமானால் ஒரு தடயம் தருகிறேன்: கீத் அன்று இரண்டு தட்டு ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, மேலே புட்டிங்கும் வாங்கிக்கொண்டார். ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். அவர் எப்போதுமே நன்றாகச் சாப்பிடுகிறவர்தான்.